ஒரு கிளாஸ் இங்கிலிஷ் பிட்டர்: ருசிப்பது எப்படி, ருசித்ததை எழுதுவது எப்படி

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் யாராவது பப்புக்கு அழைத்துப்போய் ஒரு பைண்ட் (அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்) பிட்டர் என்ற பீரைக் கையில் கொடுப்பார்கள். ஒரு வாய் குடித்ததுமே "என்னங்க இது, ஜில்லுனு இல்ல, கேஸும் இல்ல" என்று தோன்றும். அடுத்த தடவையிலிருந்து ஜில்லென்று கேஸோடு வரும் லாகர் பீர்தான். பெரும்பாலானவர்களுக்கு இப்படித்தான் நடக்கிறது, எனக்கு இது நிஜமாகவே வருத்தமான விஷயம். ஏனென்றால் லாகர் தன்னிடம் இருப்பதையெல்லாம் முதல் மடக்கிலேயே காட்டிவிடும். பிட்டரோ கிளாஸ் காலியாகிற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டே போகும், அதுவும் 4 சதவீத ஆல்கஹாலை ஒட்டிய அளவிலேயே. அதனால் பிட்டரைப் பற்றி எழுத நினைப்பவர்கள் முதல் மடக்கோடு நின்றுவிடாமல் முழு கிளாஸையும் கவனித்து எழுதப் பழக வேண்டும். கீழே இருக்கும் வழிமுறை அதற்காகத்தான்.

எதைக் கேட்டு வாங்குவது

பிட்டர் என்பது 19ஆம் நூற்றாண்டில் பேல் ஏல் என்ற வெளிர் நிற பீரிலிருந்து கிளைத்து வந்த வகை. வலிமையை வைத்து மூன்றாகப் பிரிப்பார்கள்: 3.8 சதவீதம் வரை சாதாரண பிட்டர், அதற்கு மேல் சுமார் 4.6 வரை பெஸ்ட் பிட்டர், அதையும் தாண்டினால் ஸ்ட்ராங் பிட்டர் அல்லது இஎஸ்பி (எக்ஸ்ட்ரா ஸ்பெஷல் பிட்டர்). புதிதாகத் தொடங்குபவர்கள் பெஸ்ட் பிட்டரில் தொடங்குவது நல்லது, மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஹாப்ஸும் (கசப்பும் மணமும் தரும் ஒரு கொடியின் பூ) இரண்டுமே நாக்குக்குத் தெளிவாகத் தெரிகிற வலிமை அதுதான். சசெக்ஸில் லூயிஸ் ஊரின் ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட், லண்டன் சிஸ்விக்கின் ஃபுல்லர்ஸ் லண்டன் பிரைட், யார்க்‌ஷயரில் கீத்லி ஊரின் டிமொத்தி டெய்லர் லேண்ட்லார்ட், பீருக்குப் பேர்போன பர்ட்டன் ஊரோடு சேர்த்தே பேசப்படும் மார்ஸ்டன்ஸ் பெடிக்ரீ, இந்த நான்கில் எது கிடைத்தாலும் நல்ல தொடக்கம்.

ஆனால் பெயரைவிட முக்கியம், அது காஸ்க் என்ற பீப்பாயிலிருந்து வருகிறதா என்பது. காஸ்க் பிட்டர் வடிகட்டப்படாமல், பாஸ்டரைஸ் செய்யப்படாமல், உயிருள்ள ஈஸ்ட்டோடு பீப்பாயில் அடைத்து பப்புக்கு வருகிறது. அங்கே செல்லரில், அதாவது நிலவறையில், இருந்தபடியே இன்னும் கொஞ்சம் நொதிக்கும், அதில் கிடைக்கும் மெல்லிய நுரைப்புதான் அதன் கேஸ், வெளியிலிருந்து யாரும் ஏற்றுவதில்லை. 1960களில் பெரிய கம்பெனிகள் இதை ஓரங்கட்டிவிட்டு வடிகட்டி கேஸ் ஏற்றிய கெக் பீருக்கு மாறத் தொடங்கியபோது, அதை எதிர்த்து 1971இல் காம்ரா என்ற நுகர்வோர் இயக்கம் பிறந்தது. இன்று இங்கிலாந்து முழுக்க பப்புகளில் காஸ்க் கிடைப்பதற்கு அவர்கள் விடாமல் பேசியது ஒரு முக்கியக் காரணம். பாரில் நீளமான மரக் கைப்பிடியும் அதில் பீர் பெயர் போட்ட பட்டையும் இருந்தால் அது ஹேண்ட் பம்ப், பெரும்பாலும் காஸ்க். சின்னக் குழாயைத் திருப்பி ஊற்றினால் கெக்.

எந்த பப், எந்த நேரம்

காஸ்க்கைத் திறந்து ஊற்ற ஆரம்பித்ததும், வெளியே போகிற ஒவ்வொரு பைண்டுக்கும் ஈடாக அதே அளவு காற்று உள்ளே போகிறது. காற்று போனால் பீர் கெடத் தொடங்கும், அதனால் மூன்று நாளுக்குள் விற்றுத் தீர்க்க வேண்டும். ஃபர்க்கின் என்ற அளவுள்ள ஒரு காஸ்க்கில் 9 காலன், அதாவது 72 பைண்ட் இருக்கும். கூட்டமே இல்லாத பப்பில் ஆறு ஹேண்ட் பம்ப் வரிசையாக நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். கூட்டம் நிறைந்த பப்பில் இரண்டே பம்ப் இருந்தால் தைரியமாகப் போவேன். வாசலில் காஸ்க் மார்க் முத்திரை இருந்தால், வெளியாள் ஒருவர் வந்து பீரின் வெப்பநிலையையும் தெளிவையும் ருசியையும் சோதித்திருக்கிறார் என்று அர்த்தம்.

கதவு திறந்ததும் முதல் ஆளாகப் போய் நிற்காதீர்கள். ராத்திரி முழுக்கப் பைப்பிலேயே கிடந்த பீர் முதலில் வரும். நல்ல பப்பில் அதை இழுத்துக் கொட்டிவிடுவார்கள், எல்லா இடத்திலும் அப்படிச் செய்வார்கள் என்று நம்ப முடியாது. பெரும்பாலான பப்புகளில் மேசைக்கு ஆள் வர மாட்டார்கள், நீங்கள்தான் பாருக்குப் போய்க் கேட்க வேண்டும். "ஹாஃப் ஆஃப் பெஸ்ட், ப்ளீஸ்" போதும். அரை பைண்ட் வாங்குவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, ருசி பார்க்க வருகிறவர்களுக்கு அதுதான் சரியான அளவு. எது வாங்குவது என்று குழம்பினால் ஒரு வாய் சாம்பிள் கேளுங்கள், காஸ்க்குக்குப் பெரும்பாலும் தயங்காமல் கொடுப்பார்கள். 4 சதவீத பீர் ஒரு பைண்ட் கிட்டத்தட்ட 2.3 யூனிட் (இங்கே ஆல்கஹாலைக் கணக்கிடும் அளவு), வாரத்துக்கு 14 யூனிட்டைத் தாண்ட வேண்டாம் என்பது இங்குள்ள அரசு மருத்துவ அறிவுரை. மூன்று அரை பைண்டுக்கு மேல் போனால் நாக்கும் மூக்கும் மழுங்கிவிடும், அதற்கப்புறம் எழுதுகிற குறிப்பு எதற்கும் உதவாது. வண்டியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

நம் ஆட்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். காரமாகச் சாப்பிட்டுவிட்டு உடனே ருசிக்க உட்காராதீர்கள், மிளகாய் எரிச்சல் அடங்குவதற்குள் பிட்டரின் நுணுக்கமெல்லாம் காணாமல் போய்விடும். ஒரு துண்டு ரொட்டியும் பச்சைத் தண்ணீரும் போதும். அப்புறம், சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் விசாரிக்க வேண்டியது ஒன்று உண்டு. காஸ்க் பீரைத் தெளிய வைக்க ஐசிங்லாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம், அது மீனின் காற்றுப்பையிலிருந்து எடுப்பது. பீர் தெளியும்போது அதுவும் ஈஸ்ட்டோடு சேர்ந்து அடியில் தங்கிவிடும் என்றாலும், வேண்டாம் என்பவர்களுக்கு வேண்டாம்தான். ஐசிங்லாஸ் இல்லாத பீர்களும் இப்போது நிறைய வருகின்றன, பாரில் கேட்டால் சொல்வார்கள்.

குடிப்பதற்கு முன்

கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பாருங்கள். நிறத்தைப் "பிரவுன்" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வெளிர் பொன், தேன், செம்பு, பாலில்லாத டீ, இதில் எது? செம்பு நிறத்தை நோக்கிப் போகப் போக கிரிஸ்டல் மால்ட் என்கிற, ஈரத்தோடு வறுத்த பார்லி கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு, அப்படியானால் மூக்கில் டாஃபி மணத்தை எதிர்பார்க்கலாம். தெளிவு எப்படி? பாரம்பரிய பிட்டர் கண்ணாடியாகத் தெளிந்திருக்க வேண்டும். கலங்கி இருந்தால், ஐசிங்லாஸ் போடாத பீரா என்று முதலில் கேளுங்கள், இல்லையென்றால் பீப்பாய் சரியாகத் தெளியவில்லை அல்லது அடிமட்டத்துக்கு வந்துவிட்டது.

நுரையைப் பார்த்து மட்டும் தரத்தை முடிவு கட்ட வேண்டாம், அது ஊருக்கு ஊர் மாறும். வடக்கே, முக்கியமாக யார்க்‌ஷயரில், பம்ப்பின் மூக்கில் ஸ்பார்க்லர் என்று பொடிப்பொடி ஓட்டைகள் உள்ள சின்ன மூடியை மாட்டுவார்கள். பீர் அதன் வழியாகப் பீய்ச்சி வரும்போது கேஸ் வெளியேறி, மேலே பாலாடை மாதிரி கெட்டி நுரை கட்டும், உள்ளே பீர் வழவழப்பாகிக் கசப்பும் கொஞ்சம் தணியும். தெற்கே அந்த மூடி கிடையாது, நுரை மெல்லியதாக, சீக்கிரம் அடங்குவதாக இருக்கும். எந்த முறை சிறந்தது என்று இந்த நாட்டில் சண்டையே நடக்கும். என் கருத்து: லேண்ட்லார்டை ஸ்பார்க்லரோடும் சசெக்ஸ் பெஸ்ட்டை அது இல்லாமலும் குடியுங்கள், அந்தந்த ஊர்க்காரர்கள் குடிக்கிற மாதிரியே.

இப்போது மூக்கு. கிளாஸைக் கையில் வாங்கியதுமே முகர்ந்துவிடுங்கள், சில மணங்கள் ஒரு நிமிடம்கூடத் தங்காது. நீளமாக இழுக்காமல், குட்டிக்குட்டியாக இரண்டு மூன்று தடவை முகர்ந்துவிட்டு மூக்குக்கு ஓய்வு கொடுங்கள். என்னென்ன தேட வேண்டும் என்பதற்கு எளிய வழி, மூன்று மூலப்பொருளையும் தனித்தனியாகத் தேடுவது.

மால்ட்: இதை நமக்கு அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை. ஹார்லிக்ஸ் டப்பாவைத் திறந்ததும் வரும் மணம் மால்ட் பார்லியின் மணம்தான், ஹார்லிக்ஸிலும் அதே பொருள். அதிலிருந்து தொடங்கி பிஸ்கட், ரொட்டியின் சிவந்த மேலோடு, டாஃபி, பாகு காய்ச்சும்போது எழும் வாசம் என்று எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

ஹாப்ஸ்: இங்கிலாந்தின் பழைய ஹாப்ஸ் அமெரிக்க ஐபிஏ (ஹாப்ஸ் தூக்கலான பேல் ஏல்) மாதிரி மாம்பழமும் கிரேப்ஃப்ரூட்டுமாக முகத்தில் அடிக்காது. ஃபகிள் என்ற ரகம் ஈர மண், பச்சை இலை, மரப்பட்டை என்று அடங்கிப் பேசும். கென்ட் பகுதியின் ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸில் பூவும் தேனும் ஒரு துளி மிளகுக் காரமும் இருக்கும். இவற்றை முதல் கிளாஸிலேயே பிடிக்க முடியவில்லை என்றால் பரவாயில்லை, "ஏதோ பச்சையாக மணக்கிறது" என்று எழுதி வையுங்கள், அதுவும் உண்மையான குறிப்புதான்.

ஈஸ்ட்: பழ வாசனையில் பெரும்பகுதி இதன் வேலை. பேரிக்காய், ஆப்பிள், உலர்திராட்சை, ஆரஞ்சு மார்மலேட். ஃபுல்லர்ஸ் பீர்களில் அந்த மார்மலேட் வாசம் தனியாகத் தெரியும். ஒவ்வொரு புரூவரியும் (பீர் காய்ச்சும் ஆலை) தன் ஈஸ்ட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வைத்திருக்கும். ஹார்வீஸ் இன்றும் பயன்படுத்துவது, 1957இல் யார்க்‌ஷயரின் டாட்காஸ்டரிலிருந்து வாங்கிய ஈஸ்ட்டின் வழிவந்தது.

பர்ட்டன் பாணி பிட்டரில் மட்டும் ஒரு எச்சரிக்கை. பெடிக்ரீயை முகர்ந்ததும் தீக்குச்சி உரசிய வாசம் லேசாக வரலாம், கெட்டுப்போச்சு என்று திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். பர்ட்டன் ஊரின் நிலத்தடி நீரில் ஜிப்சம் அதிகம், அதாவது கால்சியம் சல்ஃபேட். அந்த நீரில் காய்ச்சிய பீருக்கே உரிய கந்தக வாசம் அது, கொஞ்ச நேரத்தில் தானாக மறைந்துவிடும். அதே சல்ஃபேட்தான் கசப்பைக் கூர்மையாக்கி, முடிவை வறட்டுத்தனமாக நிறுத்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் பர்ட்டன் பேல் ஏல் அவ்வளவு பேர் வாங்கியதற்குப் பின்னால் இந்தத் தண்ணீர் இருக்கிறது.

வாயில்

சிப் சிப்பாக உறிஞ்சாதீர்கள். தாராளமாக ஒரு மடக்கு எடுத்து, வாய் முழுக்கப் படும்படி ஒரு விநாடி வைத்திருந்து, விழுங்குங்கள். ஒயின் ருசிப்பவர்கள் மாதிரி துப்பினால் பிட்டரின் பாதி தெரியாது, கசப்பு முழுதாக வந்து நிற்பது தொண்டையிலும் நாக்கின் பின்பகுதியிலும்தான். முதல் மடக்குக்கு ஒன்றுமே எழுதாதீர்கள், அது வாயைக் கழுவ. இரண்டாவதிலிருந்து மூன்று கட்டமாகக் கவனியுங்கள்.

வாயில் பட்ட கணத்தில் என்ன? பெரும்பாலும் இனிப்பு, பிஸ்கட். நடுவில் என்ன? இங்கேதான் பழமும் டாஃபியும் ஹாப்ஸின் இலைத்தன்மையும் வரும். விழுங்கிய பின் என்ன, எவ்வளவு நேரம்? விழுங்கிவிட்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஐந்திலேயே எல்லாம் போய்விட்டதா, பத்துக்குப் பிறகும் கசப்பு நிற்கிறதா, அந்தக் கசப்பு சுத்தமாக இருக்கிறதா, அல்லது டீத்தூளை அதிக நேரம் கொதிக்கவிட்ட மாதிரி நாக்கைப் பிடிக்கிறதா? பிடித்தால் அது துவர்ப்பு, கசப்பு இல்லை. இந்த இரண்டையும் பிரித்து எழுதினால் உங்கள் குறிப்பின் தரம் அங்கேயே உயர்ந்துவிடும். கேஸ் பற்றியும் ஒரு வார்த்தை எழுதுங்கள். குறைவாக இருப்பது இயல்பு, ஆனால் நாக்கில் லேசான குறுகுறுப்பாவது இருக்க வேண்டும். அதுவும் இல்லாமல் தண்ணீர் மாதிரி படுத்துக் கிடந்தால் காஸ்க்குக்கு வயதாகிவிட்டது.

அடுத்தது நான் மிகவும் வலியுறுத்துகிற படி: கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். காஸ்க் பிட்டர் பரிமாற வேண்டிய வெப்பநிலை 11 முதல் 13 டிகிரி. அது சூடு கிடையாது, குளிர்ச்சிதான், ஃப்ரிட்ஜ் குளிர்ச்சி இல்லை, அவ்வளவே. மேசையில் இருக்க இருக்க ஓரிரண்டு டிகிரி ஏறும், ஏறும்போது மால்ட்டும் பழமும் மேலே வரும், முதலில் கூர்மையாக இருந்த கசப்பு பின்னால் போகும். பாதி கிளாஸில் மறுபடி முகர்ந்து, மறுபடி குடித்து, முதல் குறிப்புக்குக் கீழே தனி வரியில் எழுதுங்கள். கடைசி மடக்குக்கு இன்னொரு வரி. அந்தக் கடைசி வரியில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் இருந்தால் போதும்: இன்னொன்று வேண்டும் போல இருக்கிறதா, திகட்டிவிட்டதா? மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டே குடிப்பதற்காக உருவான பீரில் அதுதான் பெரிய சோதனை.

எழுதுவது

"நல்லா இருந்தது, ஸ்மூத்தா இருந்தது" என்று எழுதினால் ஒரு மாதம் கழித்து உங்களுக்கே ஒன்றும் புரியாது. ஒவ்வொரு வார்த்தைக்கும் "எதைப் போல?", "எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். இனிப்பு என்றால் தேனா, டாஃபியா, வெறும் ரொட்டி இனிப்பா? லேசா, நடுத்தரமா, தூக்கலா? நீங்கள் தின்றறியாத பழத்தின் பெயரை யாரோ எழுதியதைப் பார்த்து எழுதாதீர்கள். நாவற்பழம் ஞாபகத்துக்கு வந்தால் நாவற்பழம் என்றே எழுதுங்கள், உங்கள் மூக்குக்குத் தெரிந்ததைத்தான் அது சரியாகச் சொல்லும்.

ஹார்வீஸ் சசெக்ஸ் பெஸ்ட்டுக்கு என் குறிப்பேட்டில் இருக்கும் ஒரு பதிவை அப்படியே தருகிறேன்:

"சசெக்ஸ் பெஸ்ட், 4.0%, காஸ்க், ஸ்பார்க்லர் இல்லை. ஆழ்ந்த செம்பு, நல்ல தெளிவு, நுரை மெல்லிய வளையம். மூக்கு: ஈர மண், காய்ந்த இலை, பின்னால் டாஃபி. வாய்: ரொட்டி மேலோடு முதலில், நடுவில் கருந்திராட்சை போல ஒரு புளிப்புப் பழம், லேசு. கசப்பு நடுத்தரம், வறட்டு முடிவு, பத்து எண்ணியும் நிற்கிறது. துவர்ப்பு இல்லை. பாதி கிளாஸ்: மண் வாசம் குறைந்து டாஃபி கூடியது, மிளகு மாதிரி ஏதோ. கடைசி: கசப்பு இதமாகிவிட்டது, இன்னொன்று வேண்டும்."

எழுதிய பிறகுதான் புரூவரி எந்த ஹாப்ஸ் போடுகிறது என்று பாருங்கள், முன்னாடியே பார்த்தால் மூக்கு அதையே தேடும். இதில் ஃபகிள், கோல்டிங்ஸோடு பிராம்லிங் கிராஸ் என்ற ரகமும் சேர்கிறது, அந்த ரகத்தின் அடையாளமே பிளாக்கரண்ட் என்ற புளிப்பான கறுப்புப் பழத்தின் வாசம். நடுவில் வந்த அந்தப் புளிப்புப் பழம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இது நியாயமான விளக்கம். இப்படி ஒன்றிரண்டு பொருந்தும்போது நாக்கின் மேல் நம்பிக்கை வரும்.

கெட்டுப்போனது எது

வினிகர் புளிப்பு இருந்தால் காற்று பட்டுக் கெட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாசம் என்றால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது. பச்சை ஆப்பிள் தோல் மாதிரி நெடியடித்தால் பெரும்பாலும் நொதித்தல் முடியுமுன்பே வந்த இளம் பீர். பட்டர்ஸ்காட்ச் வாசம் கொஞ்சம் சிக்கலானது, டயாசெட்டில் என்ற பொருள், சில ஆங்கில பிட்டர்களில் லேசாக இருப்பதை ஏற்றுக்கொள்வார்கள், ஆனால் வெண்ணெய் தடவியது போல் நாக்கில் வழுக்கினால் குறைதான். கெட்டது என்று தோன்றினால் இரண்டு வாய்க்கு மேல் குடிக்காமல் பாருக்குக் கொண்டுபோய், "ஸாரி, திஸ் டேஸ்ட்ஸ் எ பிட் வினிகரி" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். நல்ல பப்பில் மறுபேச்சில்லாமல் மாற்றித் தருவார்கள். உங்களுக்குப் பிடிக்காத பிட்டர் வேறு, கெட்ட பிட்டர் வேறு. பிடிக்காததற்கு மாற்றிக் கேட்கக் கூடாது, அதனால்தான் முதலில் சாம்பிள் வாங்கச் சொன்னேன்.

வீட்டில் பழக

பாட்டிலில் காஸ்க்கின் மென்மை வராது, ஆனாலும் பயிற்சிக்கு உதவும். பழுப்புக் கண்ணாடி பாட்டிலாக எடுங்கள், வெள்ளைக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் ஒருவித நாற்றம் பிடித்துவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். பாட்டிலில் ஈஸ்ட்டோடு அடைத்த வகையானால் முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, ஒரே மூச்சில் சாய்த்து ஊற்றி, அடிவண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்த பயிற்சி, ஃபுல்லர்ஸின் லண்டன் பிரைட் பாட்டில் ஒன்று, இஎஸ்பி பாட்டில் ஒன்று வாங்கி இரண்டையும் சின்னச் சின்ன கிளாஸில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடிப்பது. பாட்டிலில் பிரைட் 4.7, இஎஸ்பி 5.9 சதவீதம், காஸ்க்கில் இரண்டுமே இதைவிடக் குறைவு. ஒரே மால்ட்டை ஊறவைத்து, முதலில் வடியும் கெட்டிச் சாற்றையும் பின்னால் வடியும் நீர்த்த சாற்றையும் வெவ்வேறு விகிதத்தில் கலந்து காய்ச்சி எடுக்கும் பழைய முறையில் வந்தவை இவை, ஈஸ்ட்டும் ஒன்றேதான். அதனால் வலிமை கூடினால் ருசி எப்படி மாறுகிறது என்பது இங்கே நேருக்கு நேர் தெரியும். மார்மலேட் இரண்டிலும் இருக்கிறதா, எதில் தடிப்பாக இருக்கிறது, தொண்டையில் இதமான சூடு எதில் வருகிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். பிரைடை முதலில் குடியுங்கள். இஎஸ்பிக்குப் பிறகு குடித்தால் பிரைட் தண்ணீராகத் தெரியும், குறிப்பும் தப்பாகிவிடும்.